ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செய்முறைப் புத்தகங்களையும் சுயமுன்னேற்றப் புத்தகங்களையும் எப்படி எழுதுவது, எப்படி வெளியிடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களில் இந்த வகை நூல்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாவலுக்கு விருது உண்டு, கவிதைக்கு விமர்சனம் உண்டு. ‘ஆடு வளர்ப்பு’ என்ற புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிய பத்திரிகை எது? ஆனால் எந்தப் புத்தகக் கண்காட்சிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சமையல், தையல், கைவைத்தியம், வீட்டுத் தோட்டம், பங்குச்சந்தை, நேர்முகத் தேர்வு என்று அடுக்கியிருக்கும் மேசை முன்னால் ஆள் நின்றுகொண்டே இருக்கும். புத்தகமே வாங்காத வீட்டிலும் ஒரு சமையல் புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகத்துக்கு உரிய மரியாதையை இன்று ஒரு மணி நேரம் கொடுப்போம்.

இப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதிகளைச் செம்மைப்படுத்துவதுதான் என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள். “சார், இந்தத் தொழில்ல எனக்கு முப்பது வருஷ அனுபவம். எல்லாத்தையும் எழுதிடலாம்னு இருக்கேன்.” அனுபவம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அனுபவத்திலிருந்து மட்டும் ஒரு நல்ல செய்முறைப் புத்தகம் பிறந்து நான் பார்த்ததில்லை. அது கேட்கிறவருடைய தடுமாற்றத்திலிருந்து பிறக்கிறது. தெரிந்தவருக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதினால் அது நினைவுக் குறிப்பு. தெரியாதவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்று அறிந்து எழுதினால்தான் அது செய்முறை நூல். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1840-களின் லீட்ஸ் நகரம், இங்கிலாந்து. ஆலைத் தொழில் கொழித்த ஊர். அங்கே இரண்டு மூன்று இளைஞர்கள் மாலை வேளைகளில் கூடி, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவருடைய சின்ன வீடு. ஆள் சேரச் சேர, கோடையில் தோட்டத்துக்கு வந்தார்கள். குளிர் தொடங்கியதும் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அது காலரா நோயாளிகளுக்குத் தற்காலிக மருத்துவமனையாக இருந்த இடம். யாரும் குடிவரப் பயந்ததால் இவர்களுக்குக் கிடைத்தது. அந்த இளைஞர்கள், மருத்துவம் படித்துப் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்த சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவரிடம் போய், எங்களுக்குக் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டார்கள். 1845-இல் அவர் பேசினார். அந்தப் பேச்சுகள் விரிந்து புத்தகமாகின. ரூட்லெட்ஜ் பதிப்பகம் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 1859-இல் ஜான் முர்ரே வெளியிட்டார். லாப நஷ்டப் பொறுப்பை ஸ்மைல்ஸ் தானே ஏற்றுக்கொண்டு, பதிப்புரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். புத்தகத்தின் பெயர் ‘செல்ஃப் ஹெல்ப்’. ஒரு வகை நூலுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. முதல் ஆண்டிலேயே 20,000 பிரதிகள் விற்றன. 1871-இல் நகமுரா மசனாவோ அதை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனார். மெய்ஜி காலத்து இளைஞர்கள் அதைத் தேடித் தேடிப் படித்தார்கள்.

அடுத்தது டேல் கார்னகி. 1912-இல் நியூயார்க்கின் ஒய்.எம்.சி.ஏ. ஒன்றில் மேடைப்பேச்சு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். வகுப்புக்கு வந்தவர்கள் விற்பனையாளர்கள், அலுவலக ஊழியர்கள், மேலாளர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள். சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகத்தின் லியோன் ஷிம்கின் அந்த வகுப்பில் மாணவராக வந்து உட்கார்ந்தவர். அவர் வற்புறுத்தியதால் 1936-இல் கார்னகியின் புத்தகம் வந்தது. வகுப்புக்கும் புத்தகத்துக்கும் இடையே 24 ஆண்டுகள்.

மூன்றாவது நம்முடைய எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், சமையலில் கைதேர்ந்தவர். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன உறவுக்காரப் பெண்கள், இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று அவரைக் கேட்டபடியே இருந்தார்கள். அவரும் எழுதி எழுதிக் கொடுத்தார். உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர், இதையெல்லாம் புத்தகமாகவே போட்டால் என்ன என்று ஊக்கப்படுத்தினார். 1951-இல் ‘சமைத்துப் பார்’ வந்தது. பிறகு அடுத்தடுத்த பாகங்கள், மொழிபெயர்ப்புகள். வெளிநாடு போகும் பெண்ணின் பெட்டியில் புடவைக்கு நடுவே அந்தப் புத்தகத்தை வைத்து அனுப்புவது ஒரு வழக்கமாகவே ஆனது.

மூன்று நாடு இல்லை, மூன்று கண்டம். ஆலைத் தொழிலாளி, அலுவலக ஊழியர், புதுமணப்பெண். மூவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே கேள்விகள் வந்துவிட்டன. ஆசிரியருக்கு எதிரே ஆள் இருந்தார். அவர் புருவத்தை நெரித்தால் ஆசிரியர் மறுபடி விளக்கினார். அந்த மறுவிளக்கங்கள்தான் புத்தகத்தின் சதை. இன்று எழுத வருகிற பலருக்கு இந்தப் படி விட்டுப்போகிறது. கணினி முன் உட்கார்ந்து நேராக முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். கல்யாணச் சமையலில் பழுத்த ஒருவர் எழுதிய இனிப்பு வகைப் புத்தகம் என் மேசைக்கு வந்தது. மைசூர்பாகு பக்கத்தில் ஒரு வாக்கியம்: “பாகு பதம் வந்ததும் கடலை மாவைத் தூவிக் கிளறி, நெய் விட்டு, தக்க பக்குவத்தில் இறக்கவும்.” இலக்கணப் பிழை கிடையாது. சமைக்கத் தெரிந்தவருக்கு இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். தெரியாதவருக்கு இதில் ஒரு சொல்லும் உதவாது. அவரிடமே கேட்டேன்.

“பதம்னா எந்தப் பதம், அண்ணே?”

“ஒத்தைக் கம்பிதான் தம்பி. வேற என்ன?”

“கம்பிப் பதம் தெரியாதவங்க அதை எப்படிப் பாப்பாங்க?”

“ரெண்டு விரலால தொட்டுப் பிரிச்சா நூல் மாதிரி ஒரு இழை வரும்.”

“கொதிக்கிற பாகைத் தொட்டா விரல் வெந்துடாதா?”

“சட்டியில போய் எவனாவது கைய விடுவானா? கரண்டியில துளி எடுத்து, சூடு ஆறவிட்டுத்தான் தொடணும். அதுக்குள்ள அடுப்பைக் குறைச்சு வச்சுடணும், இல்லாட்டி இங்க நாம பாத்துக்கிட்டு இருக்கும்போதே அங்க பதம் ஏறிடும். இதெல்லாமா தம்பி புத்தகத்துல எழுதுவாங்க?”

இதைத்தான் எழுத வேண்டும். அடுப்பைக் குறைத்து வைப்பதை அவர் கை ஆயிரம் முறை செய்திருக்கிறது. கைக்குத் தெரிந்ததால் வாய்க்கு வரவில்லை. கேள்வி கேட்ட பிறகு வந்தது. கடைசியில் அந்தப் பக்கம் இப்படி அமைந்தது. மாவு ஒரு கப் என்றால் சர்க்கரை இரண்டு கப், நெய் இரண்டு கப். மாவை முதலிலேயே சலித்துக்கொள்ளவும். சலிக்காவிட்டால் பாகில் கட்டி விழும். தட்டில் நெய் தடவி அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவும்; பிறகு தேட நேரம் இருக்காது. நெய்யை இன்னோர் அடுப்பில் சூடாகவே வைத்திருக்கவும். சூடான நெய் விழும்போது கலவை நுரைத்துப் பொங்க வேண்டும். அந்தப் பொங்கலில்தான் உள்ளே கண் கண்ணாகத் துளை விழுகிறது. கலவை சட்டியின் ஓரத்தை விட்டு ஒன்றாகத் திரண்டு, நெய் விளிம்பில் கசியும்போது தட்டில் கொட்டவும். சீக்கிரம் இறக்கினால் அல்வா மாதிரி வளையும். தாமதித்தால் உதிர்ந்து தூளாகும்.

ஒரு வாக்கியம் ஒரு பக்கமானது. ஆனால் பாருங்கள், கூடிய வரிகளில் அலங்காரம் ஏதும் இல்லை. எல்லாம் மூன்றே வகை. என்ன செய்வது, சரியாக வந்தால் எப்படித் தெரியும், தவறினால் எப்படித் தெரியும். எந்தத் தொழிலைப் பற்றி எழுதினாலும் ஒவ்வொரு படிக்கும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதைப் பாதிப் பேர் எழுதுகிறார்கள். மூன்றாவதை எழுதுகிறவர் அபூர்வம். வாசகர் மனதில் ஆசிரியர் நிலைப்பது அந்த மூன்றாவதால்தான். “பதம் தாண்டிவிட்டால் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்க வையுங்கள், மாவு போடாத வரை ஒன்றும் கெட்டுவிடவில்லை” என்று ஒரு வரி போடுங்கள். அடுப்பங்கரையில் தனியாக நின்று கண்கலங்கும் பெண்ணுக்கு அந்த வரி பெரிய ஆறுதல்.

வரிசையும் உயிர் நாடி. வீட்டிலேயே சோப்பு செய்வது பற்றி ஒரு பிரதி வந்தது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்கும் முறையை நான்கு வரியில் எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில், “கரைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்திருக்க வேண்டும்” என்றிருந்தது. புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறவர் முழுவதையும் படித்துவிட்டுச் செய்ய மாட்டார். ஒரு வரி படிப்பார், ஒரு வேலை செய்வார். ஐந்தாவது வரிக்கு வரும்போது கண்ணில் தெறித்திருக்கும். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் சூடேறிப் பீறிட்டு அடிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து வாயுவைக் கிளப்பும். இவையெல்லாம் முதல் வரிக்கு முன்னால், கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். கவிதையில் ஒரு வரி இடம் மாறினால் ரசனைதான் மாறும். இங்கே கண் போய்விடும்.

அளவு இன்னொரு சிக்கல். மீனாட்சி அம்மாள் எழுதிய நாளில் ஆழாக்கும் படியும் பலமும் புழக்கத்தில் இருந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று குழந்தைக்கும் தெரியும். 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1960-களின் தொடக்கத்துக்குள் கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்டன. ஒரு தலைமுறை கழிந்ததும் ஆழாக்கு என்றால் என்ன என்று கேட்கும் பெண்கள் வந்தார்கள். செய்முறைப் புத்தகத்துக்கு வயதாவது இப்படித்தான். நடை பழசானால் தாங்கலாம். அளவு பழசானால் புத்தகம் மூடப்படும். ஆகவே மறுபதிப்பு என்றால் அதே பக்கத்தை மறுபடி அச்சடிப்பது என்று நினைக்காதீர்கள். அடுப்பு மாறியிருக்கும், சந்தையில் கிடைக்கும் பொருள் மாறியிருக்கும், அரசு விண்ணப்பப் படிவம் இணையத்துக்குப் போயிருக்கும். “கைப்பிடி”, “கொஞ்சம்”, “தேவையான அளவு” என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உப்புக்குக்கூட ஒரு தொடக்க அளவு கொடுங்கள். அதன் பிறகு ருசிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்வது வாசகர் பாடு.

இங்கே ஒரு கேள்வி எழும், யூடியூபில் எல்லாம் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று. நியாயமான கேள்வி. கையின் அசைவைக் காட்டுவதில் காணொளியை எழுத்து வெல்ல முடியாது. மாவு பிசைவதையோ ஊசியில் நூல் கோப்பதையோ இரண்டு பக்கம் எழுதி வீணாக்காதீர்கள், படம் போடுங்கள். ஆனால் காணொளியில் பெரும்பாலும் சரியாக வந்த ஒரு தடவைதான் இருக்கும். தப்பாகப் போன பத்துத் தடவையையும் வெட்டி எடுத்துவிட்டிருப்பார்கள். காணொளிக்குச் சொல்லடைவு கிடையாது. பதினேழாவது நிமிடத்தில் சொன்ன அளவைத் தேட வாசகர் மாவுக் கையோடு திரையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அட்டவணை, தேடி எடுக்கப் பொருளடக்கம், தவறினால் புரட்ட ஒரு பக்கம், இவை மூன்றும் புத்தகத்தின் பலம். அந்தப் பலத்தில் எழுதுங்கள்.

இப்போது சுயமுன்னேற்ற நூலுக்கு வருவோம். அங்கேதான் நிலைமை கவலைக்கிடம்.

சமையல் புத்தகம் பொய் சொன்னால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். பாகு முறுகும், வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், புத்தகம் பரணுக்குப் போகும். வாழ்க்கையில் வெற்றி பெறுவது பற்றிய புத்தகம் பொய் சொன்னால் எப்போது தெரியும்? தெரியவே தெரியாது. பலிக்காவிட்டால் வாசகர் தன்னைத்தான் நொந்துகொள்வார். “புத்தகம் சரியாத்தான் சொல்லுது, எனக்குத்தான் மனஉறுதி போதலை” என்பார். தோற்றால் பழி வாசகருக்கு, ஜெயித்தால் பெருமை ஆசிரியருக்கு. இப்படி ஒரு பாதுகாப்பான தொழில் வேறு எதுவும் இல்லை. கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லாத இடத்தில் எழுதுகிறவருக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு என்று நான் நினைக்கிறேன்.

தமிழில் இந்த வகைக்கு ஒரு கௌரவமான தொடக்கம் உண்டு. 1908-இல் சிறைக்குப் போன வ.உ. சிதம்பரம் பிள்ளை ஜேம்ஸ் ஆலனின் சிறு நூல்களைத் தமிழாக்கினார். ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ எல்லாம் அப்படி வந்தவை. கப்பல் கம்பெனி போயிற்று, வக்கீல் தொழில் போயிற்று, செக்கிழுத்த கை. மனம்தான் வாழ்வை உருவாக்குகிறது என்பதை வசதியான நாற்காலியில் இருந்து ஒருவர் சொல்வது வேறு, எல்லாம் இழந்த ஒருவர் தேடிப்பிடித்து மொழிபெயர்ப்பது வேறு. பின்னால் அப்துற் றஹீம், தமிழ்வாணன், எம்.எஸ். உதயமூர்த்தி என்று ஒரு வரிசை வந்தது. உதயமூர்த்தியின் ‘உன்னால் முடியும் தம்பி’ என்ற தொடர் 1988-இல் ஒரு திரைப்படத்துக்கே பெயராயிற்று. கதாநாயகனுக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். சிற்றூரில் வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞனைத் தம்பி என்று தோளில் கைபோட்டு அழைத்த குரல் அது. அந்தக் குரலுக்கு எதிரே யார் இருக்கிறார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று வருகிற பல பிரதிகளில் எதிரே யாரும் இல்லை. “அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், வாழ்க்கை மாறும்” என்கிறது ஒரு பிரதி. குடிநீர் லாரிக்கு நாலு மணிக்கே குடத்தோடு நிற்கிற பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? அவர் இருபது வருஷமாக ஐந்து மணிக்கு முன்னால்தான் எழுந்திருக்கிறார். இந்த அறிவுரை தவறு என்று சொல்லவில்லை. யாருக்கு என்று சொல்லாமல் விட்டதுதான் தவறு. முன்னுரையில் இரண்டு வரி எழுதுங்கள்: இந்தப் புத்தகம் இன்னாருக்கு, இன்னாருக்கு இது உதவாது. விற்பனை குறைந்துவிடும் என்று பயப்படுவார்கள். எனக்குத் தெரிந்து, உதவாது என்று சொன்ன ஆசிரியரை வாசகர் கூடுதலாகத்தான் நம்புகிறார்.

அடுத்தது கதைகள். கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய், பாறையில் மோதி அலகை உடைத்துக்கொண்டு, புது அலகு முளைத்ததும் இன்னும் முப்பது வருஷம் வாழும் என்று ஒரு கதை. இதை எத்தனை தமிழ்ப் புத்தகங்களில் அடித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அலகு உடைந்த கழுகு இரை கிழிக்க முடியாமல் பட்டினியால் செத்துப்போகும், அவ்வளவுதான் உயிரியல். எடிசனின் தாய் பள்ளிக்கூடக் கடிதத்தை மாற்றிப் படித்தார் என்ற கதையும் அப்படியே; அந்தக் கடிதத்துக்கு ஆதாரம் கிடையாது. ஊக்கம் தருகிறதே, பொய்யானால் என்ன என்று கேட்கிறார்கள். காஸ்டிக் சோடா அளவைத் தப்பாகச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? நம் ஊரிலேயே, நீங்கள் நேரில் பார்த்த, பெயரை மறைத்தாவது சொல்லக்கூடிய, ஓரளவே ஜெயித்த ஒருவரின் கதையை எழுதுங்கள். அந்த ‘ஓரளவு’ வாசகருக்கு மிகவும் தேவை.

சுயமுன்னேற்ற நூலையும் சமையல் புத்தகத்தின் ஒழுக்கத்தோடு எழுத முடியும். “பணத்தை ஈர்க்கும் மனநிலையை வளர்த்துக்கொள்ளுங்கள்” என்பதை யாரும் செய்து பார்க்க முடியாது. “முப்பது நாள் ஒவ்வொரு செலவையும் அன்றன்றே எழுதுங்கள், மாதக் கடைசியில், வட்டிக்கு எவ்வளவு போனது என்று தனியாகக் கூட்டுங்கள்” என்பதைச் செய்து பார்க்கலாம். பலன் கிடைக்காவிட்டால் ஆசிரியரைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கேட்கும்படியான வாக்கியங்களை எழுதுங்கள். நேர்முகத் தேர்வு நூல் என்றால் தன்னம்பிக்கையின் பெருமையைப் பாடுவதைக் குறைத்து, ஒரே கேள்விக்கு ஒரு சொதப்பலான பதிலையும் ஒரு நல்ல பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மருந்து, முதலீடு, சட்டம் மூன்றிலும் எங்கே புத்தகத்தை மூடிவிட்டுத் தகுதியான ஆளிடம் போக வேண்டும் என்ற எல்லையைத் தெளிவாகக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

எழுதியாயிற்று. இனி வெளியீடு. இதில் ஆசையைவிடக் கணக்கு முக்கியம்.

பதிப்பகம் மூலம் வருவது ஒரு வழி. அட்டை விலையில் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் ராயல்டி என்பது பொது வழக்கம். அதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் உரிமை யாருக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும், இவை எழுத்தில் இருக்கட்டும். ஒரேயடியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவது செய்முறை நூல்களில் அதிகம். அவசரத்துக்கு உதவும்தான். ஆனால் நாவலைவிடச் செய்முறை நூலுக்கு ஆயுள் நீளம்; பத்து வருஷம் கழித்தும் மெதுவாக விற்றுக்கொண்டிருக்கும். ஸ்மைல்ஸ் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டதன் பலனை வாழ்நாள் முழுக்க அனுபவித்தார்.

சொந்தமாக வெளியிடுவது இன்னொரு வழி. 16 பக்கம் ஒரு ஃபாரம். பத்து ஃபாரம் என்றால் 160 பக்கம். பக்கத்தை அதற்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய் விலை வைத்துக் கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் கையில் நிற்பது 130. அச்சு, லே-அவுட், அட்டைப்படம், பிழைதிருத்தம், கூரியர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆயிரம் பிரதி அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான். விற்காத எழுநூறு பிரதி கட்டிலுக்கு அடியில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இப்போது பிரின்ட் ஆன் டிமாண்ட் இருக்கிறது. இருநூறு பிரதியில் தொடங்கலாம். செய்முறை நூலுக்கு இது இரட்டிப்பு வசதி. முதல் இருநூறு வாசகர்கள் சொல்லும் குறைகளைத் திருத்தி அடுத்த இருநூறை அடிக்கலாம்.

சில சில்லறை விஷயங்கள். சில்லறை என்று விட்டுவிட முடியாதவை. ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகக் கொடுக்கிறது. அதற்குப் பணம் என்று யாராவது கேட்டால், ஓடியாடிய கூலியைத்தான் கேட்கிறார் என்று அறிந்துகொண்டு கொடுங்கள், அல்லது நீங்களே விண்ணப்பியுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடுகிறவர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்றக் களஞ்சிய நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பலர் செய்வதில்லை. செய்தால் உங்கள் புத்தகம் உங்களுக்குப் பின்னும் ஓரிடத்தில் இருக்கும். பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: செய்முறைக்கு உரிமை கொண்டாட முடியாது. நீங்கள் எழுதிய எழுத்துக்குத்தான் உரிமை. உங்கள் மைசூர்பாகை ஊரே செய்யலாம், உங்கள் பக்கத்தை வரிக்கு வரி எடுத்துப் போடக் கூடாது. இது மற்றவர் புத்தகத்திலிருந்து எடுக்கும்போது உங்களுக்கும் பொருந்தும்.

கட்டமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாவலை மடியில் வைத்துப் படிப்பார்கள். செய்முறை நூலைத் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மண்ணோடு, எண்ணெய்க் கையோடு, நின்றபடி படிப்பார்கள். பசை மட்டும் போட்ட கட்டு விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும். அழுத்தினால் தாள் பிய்ந்து வரும். கொஞ்சம் செலவானாலும் தையல் போட்டுக் கட்டுங்கள். எழுத்து அளவு இரண்டு கையெட்டுத் தூரத்தில் தெரிய வேண்டும். ஒரு செய்முறை பக்கம் திரும்பும் இடத்தில் உடையாமல், எதிரெதிர்ப் பக்கங்களுக்குள் முடியும்படி லே-அவுட் செய்யச் சொல்லுங்கள். கடைசியில் சொல்லடைவு கட்டாயம். சொல்லடைவு இல்லாத நாவல் நாவல்தான். சொல்லடைவு இல்லாத செய்முறைப் புத்தகம் பாதிப் புத்தகம்.

விளம்பரம் பற்றிக் கேட்பீர்கள். தையல் நூல் எழுதியவர் புத்தகத்தைப் புத்தகக் கடையில் மட்டும் தேடினால் எப்படி? நூலும் பொத்தானும் விற்கும் கடையில் பத்துப் பிரதி வையுங்கள். விதைக்கடை, உரக்கடை, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், தொழிற்பயிற்சி நிலையத்து வாசல், இவையெல்லாம் உங்கள் கடைவீதி. மீனாட்சி அம்மாளின் புத்தகத்தைக் கல்யாண வீடுகள் எடுத்துச் சென்றன. தேவை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பதற்கு இந்த வகைப் புத்தகம் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அது ஏட்டின் குற்றமில்லை. சமைக்கிறவரைப் பார்க்காமல் எழுதியவரின் குற்றம். ஆகவே இங்கே எழுதும் எண்ணத்தோடு வந்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்து அமர்கிறேன். முழுப் புத்தகத்தையும் தொடங்க வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வேலையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதைச் செய்யத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் எதிரே உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்த வரியை இரண்டாம் தடவை படிக்கிறார், எதைத் தப்பாகச் செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து ஒன்றும் விளக்காதீர்கள். புத்தகம் வந்த பிறகு நீங்கள் எல்லா வீட்டிலும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவர் உங்களைக் கேட்காமலே அந்த வேலையை முடிக்கும் வரை அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். முடித்தார் என்றால், உங்கள் புத்தகத்தின் முதல் பக்கம் எழுதி முடிந்தது. இரண்டாவது பக்கத்துக்குப் போகலாம்.